அவனுக்கு ஏற்கெனவே ஓர் ‘ஓம்மா’ இருந்தார்

கொரிய நாடகம் பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மொழியில் அப்பா ‘அப்பா’தான், அம்மா ‘ஓம்மா’. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 2024ஆம் ஆண்டின் பிற்பாதியைச் சோல் நகரில் கழித்தபோது, இந்த ஒற்றுமையைச் சொல்லியே பலரிடம் நட்பு பிடித்தேன். அதே சொல் ஒருவரை அழவைத்ததையும் அங்குதான் பார்த்தேன்.

நான் தங்கிய விடுதியில் பொதுச் சமையலறை ஒன்று உண்டு. செப்டம்பரில் ஒரு மாலை, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தம்பதி அங்கு அமர்ந்து கொரிய வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தனர். ‘பசிக்கிறதா?’, ‘எங்கே வலிக்கிறது?’, ‘பயப்படாதே’. சுற்றுப்பயணிகள் இதையெல்லாம் படிக்க மாட்டார்களே என்று விசாரித்தேன். இரண்டு வயதுச் சிறுவனைத் தத்தெடுக்கப் போகிறார்களாம். மறுநாள்தான் முதல் சந்திப்பு.

அடுத்த இரவு இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தனர். தத்தெடுப்பு அமைப்பின் விளையாட்டு அறையில் சந்திப்பு நடந்திருக்கிறது. பிறந்த சில வாரங்களிலிருந்து சிறுவனைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த பராமரிப்புத் தாய் அவனை அழைத்து வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இவர்கள் நீட்டிய பொம்மைப் பேருந்தை அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிய கையோடு திரும்பி ஓடி, “ஓம்மா!” என்று அவரிடம் காட்டினான்.

“அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அது இன்னொருவருக்குச் சொந்தமாக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை,” என்றார் மனைவி. அப்போதுதான் அழுதார்.

மேலும் ஒரு சந்திப்பு, நீதிபதி முன் ஒரு விசாரணை. பிறகு பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். நீதிமன்றம் அனுமதித்த பிறகே மறுபடியும் பறந்துவந்து அழைத்துச் செல்லலாம். இரண்டு விமானச் சீட்டு, இரண்டு முறை வேலைக்கு விடுப்பு. காணொளி அழைப்பில் முடிக்கக்கூடாதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பின்னர் அந்நாட்டின் தத்தெடுப்பு வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

கொரியப் போர் 1953இல் ஓய்ந்தது. 1955இல் ஹேரி ஹோல்ட் என்ற அமெரிக்க விவசாயி கொரியாவுக்கே போய், எட்டுக் குழந்தைகளைத் தமக்கென அழைத்து வந்தார். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அவர் நேரில் போனார். ஆனால், அவரைப் பார்த்து ஆசைப்பட்ட மற்றப் பெற்றோர் போகவில்லை. அவர்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட, முகம் பார்க்காமலேயே தத்தெடுப்பு முடிந்தது. அதன் பிறகும் பல்லாண்டுகள் பயணம் செய்தது பிள்ளைகள் மட்டுமே. துணைக்கு வந்த யாரோ ஒருவர் கொண்டுவந்து விமான நிலையத்தில் ஒப்படைப்பார். 1985ஆம் ஆண்டில் மட்டும் 8,837 பிள்ளைகள். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 24 பேர்.

அவசரத்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் ஆவணங்கள் என்ன லட்சணத்தில் இருந்தன என்பது 2025 மார்ச்சில் வெளிவந்தது. பெற்றோர் இருந்தும் அனாதை என்று பதிந்தது, ஒரு பிள்ளையின் அடையாளத்தில் வேறொரு பிள்ளையை அனுப்பியது எல்லாம் நடந்திருப்பதைத் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் கண்டறிந்தது. முறையிட்டவர்கள் 367 பேர். அவர்களில் 56 பேரின் மனித உரிமை மீறப்பட்டதாக முதற்கட்டமாக அறிவித்தது. 2012இல் நடப்புக்கு வந்த சட்டத்தால்தான் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயமானது. எனக்கு வீண்செலவாகத் தெரிந்த அந்த இரண்டு பயணங்களும் அப்படி வந்தவை.

இதையெல்லாம் தொலைபேசியில் என் சின்னப் பாட்டியிடம் சொன்னேன். என் பாட்டிக்குத் தங்கை. பிறப்பால் சீனர். அந்தக் காலத்தில் வறுமையாலும், பெண் பிள்ளை என்பதாலும் சில சீனக் குடும்பங்கள் கைக்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். பாட்டியை வாங்கிவர யாரும் விமானம் ஏறவில்லை. கம்பத்தில் இரண்டு வரிசை தள்ளியிருந்த வீடு. பெற்றவர் சந்தையில் காய்கறி விற்றவர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தக் கம்பமும் இப்போது இல்லை.

“பிள்ளை அழத்தான் செய்யும், அதை விடு,” என்றார் பாட்டி. “இத்தனை நாள் வளர்த்தவ பேரை எழுதி வாங்கிக்கிட்டாங்களா? அதைக் கேளும்மா.”

டிசம்பரில் தம்பதி திரும்பி வந்தனர், இம்முறை சிறுவனோடு. பாட்டி கேட்டதை நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், கணவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பராமரிப்புத் தாய் கொடுத்தது, கொரிய மொழியில். என் கொரிய அறிவு அரைகுறை. அகராதியோடு ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இரவில் விழித்தால் விளக்கைப் போடாதீர்கள், முதுகில் தட்டினால் போதும். கடற்பாசி சூப்பில் சோறு கலந்தால் சாப்பிடுவான். போர்வையைச் சில வாரங்களுக்குத் துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும். அடியில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. மனைவி அந்த எண்ணை உடனே இரண்டு இடங்களில் எழுதிக்கொண்டார்.

அவ்வளவு நேரமும் சிறுவன் வாசலருகே நின்றிருந்தான். நம்மைப் போலவே கொரியர்களும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். அவனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அன்று கழற்ற மறுத்துவிட்டான். குனிந்து கழற்றப் போனவரின் கையைத் தட்டிவிட்டு, கதவைக் காட்டி “ஓம்மா” என்றான். கணவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு தம் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் எடுக்க வந்தேன். இருவரும் காலணியோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தனர். மனைவி அந்தப் போர்வையை அவன்மேல் போர்த்திவிட்டு, விளக்கை அணைக்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.