குண்டுக்கு இரையானோரும் கணக்கேடும்: ஒரு நோக்கு

காட்டாங்குளத்தூர்ப் பகுதியில் வாழும் நமக்கு வானூர்தியின் ஒலி புதிதன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்குமேல் வட்டமிடும்போது ஆசிரியர் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். ஒலி அடங்கியதும் பாடம் தொடரும். அதே ஒலியைக் கேட்டதும் கைக்குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறையொன்று பாக்கு நீரிணைக்கு அப்பால் நம் மொழியே பேசி வாழ்ந்தது. அவர்களுள் மாண்டோரின் கணக்கு எவ்வாறு எழுதப்பட்டது என்பதையே இங்கு நோக்கப் புகுகின்றோம்.

1995 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இலங்கை இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' என்னும் நடவடிக்கையைத் தொடங்கிற்று. ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்கள் நவாலியின் புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் தங்கினர். அன்று மாலை விமானப்படையின் குண்டுகள் அங்கே விழுந்தன. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு இரண்டு நாட்களில் விடுத்த அறிக்கை, இறந்தோர் 65 பேர், காயமுற்றோர் 150 பேர் என்றது. அவ்வறிக்கையை வெளியிட்டதே முறையன்று என அன்றைய வெளியுறவு அமைச்சர் லட்சுமண் கதிர்காமர் குறைகூறினார். பின்னாளில் தமிழர் தரப்பு ஆவணங்களிலும் நினைவேந்தல் உரைகளிலும் இவ்வெண்ணிக்கை 120-ஐத் தாண்டி 147 வரை செல்கிறது.

65 எங்கே, 147 எங்கே! இரண்டில் ஒன்று பொய்யாகவே இருக்க வேண்டும் என எண்ணுவது எளிது. ஆனால் அது அவசர முடிபாகும். முதல் எண்ணிக்கை இடிபாடு முற்றும் அகற்றப்படுமுன் எடுக்கப்படுவது. மருத்துவமனையில் பல நாள் கிடந்து உயிர்விட்டோர் அதில் இடம்பெறார். வேற்றூரிலிருந்து வந்து ஒதுங்கியோரின் பெயரை உள்ளூரார் அறியார். உடலை அடையாளம் காட்ட வேண்டிய உறவினரும் உடன் மாண்டிருக்கலாம், அன்றி வேறு திசையில் ஓடியிருக்கலாம். ஆகவே காலம் செல்லச் செல்ல எண்ணிக்கை உயர்வது இயல்பே. அதே வேளையில் மிகைக்கும் வழியுண்டு என்பதை மறைத்தலாகாது. மருத்துவமனைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயரும், கிராம சேவையாளர் தமிழில் எழுதிய பெயரும், வீட்டில் அழைத்த செல்லப்பெயரும் மூவராகக் கணக்கில் ஏறக்கூடும். நம் பெயர்களின் முதலெழுத்துத் தொல்லையை வருகைப் பதிவேடு எழுதிய எவரும் அறிவர்!

இதனாலேயே, பதிவு செய்வோர் வெறும் எண்ணை நம்புவதில்லை. இறந்தவர் பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், இறந்த இடமும் நாளும், அடக்கம் செய்த இடம், சான்று கூறியவர் ஆகிய அனைத்தையும் ஒரே வரியில் நிறுத்தி, ஒரு பட்டியலை மற்றொன்றோடு ஒப்பிடுகின்றனர். ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிவாசல் ஜமாஅத்தின் மையித்து அடக்கக் குறிப்பு, பங்கீட்டு அட்டை, பள்ளி வருகைப் பதிவேடு என அமைதிக் காலத்தில் எவரும் புரட்டாத ஏடுகளே அப்போது சாட்சிகளாகின்றன.

அச்சாட்சியை அழிக்கக் குண்டு வேண்டியதில்லை, தடையே போதும். 1995 செப்டம்பர் 21 அன்று இலங்கை அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தது. மறுநாளே வடமராட்சி கிழக்கிலுள்ள நாகர்கோவில் பள்ளியருகே குண்டு விழுந்து மாணவச் சிறார் மாண்டனர். (நம் குமரி மாவட்டத்து நாகர்கோவில் அன்று.) 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டபின் நிகழ்ந்ததும் இத்தகையதே. 2008 ஆகஸ்டு முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்தனர் என ஐ.நா. அலுவலர் தொகுத்த கணக்கு அக்காலத்தில் முறையாக வெளியிடப்படவில்லை. 2011 இல் ஐ.நா. வல்லுநர் குழுவோ 40,000 வரை இறந்திருக்கலாம் என்றது. எறிகணையும் வான்குண்டும் சேர்ந்த கணக்கு இது. இரண்டிற்கும் இடைப்பட்ட முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றளவும் வாதத்திற்குரியோராகவே உள்ளனர்.

பழந்தமிழர் போரில் பட்டானுக்கு நடுகல் எடுத்துப் பெயரைப் பொறித்தனர். தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் படிநிலைகளைக் கூறுகிறது. ஆயின் அக்கல் மறவனுக்கே உரியது. சோற்றுப்பானையோடு ஓடியவளுக்கு அன்று. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ 67,000 பேரின் பெயர்கள் ஏழு தொகுதிகளாக எழுதப்பட்டு, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. அதே போரில் 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூனைத் தாக்கியபோது மாண்டவருள் தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்தம் பெயர்களைக் கொண்ட அத்தகைய ஏட்டை நாம் கண்டதில்லை.

1996 இல் மீண்டும் இராமேசுவரக் கரையில் வந்திறங்கியோருள், முந்தைய ஆண்டின் குண்டுவீச்சைக் கண்ணால் கண்டோர் உண்டு. அன்று நடுவயதினராயிருந்தோர் இன்று தமிழக மறுவாழ்வு முகாம்களில் மூப்படைந்து வருகின்றனர். நம் மாணவர் நாட்டார் பாடல்களைத் திரட்டக் களப்பணி செல்கின்றனர். அதே குறிப்பேட்டில் சில பக்கங்களை ஒதுக்கி, இம்முதியோர் சொல்லும் பெயர், தந்தை பெயர், ஊர், நாள் என்பவற்றை அவர்தம் இசைவுடன் எழுதிவரலாம். ஐயத்திற்குரியதை ஐயம் என்றே குறித்தல் வேண்டும்.