ஒரே அதிர்வில் இரண்டு இசைகள்

அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். பேருந்தின் ஹாரன், முறுக்கு விற்பவரின் குரல், தேநீர்க் கடைப் பாட்டு எல்லாம் ஒரே சமயத்தில் வருகின்றன. இவையெல்லாம் கூடி, நம் செவிப்பறையை ஒரே அதிர்வாகத்தான் அசைக்கின்றன. அப்படியானால் முறுக்குக்காரரின் குரலை மட்டும் எப்படிப் பிரித்தறிகிறோம்?

உட்செவியில் நத்தை ஓடு போன்ற காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதன் தொடக்கப் பகுதி உயர்ந்த அதிர்வெண்களுக்கும், உள்முனை தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அசைந்து கொடுக்கிறது. இவ்வாறு பிரிந்து வரும் செய்திகளை மூளை மீண்டும் தொகுக்கிறது. ஒன்றாகத் தொடங்குபவை, ஒரே திசையிலிருந்து வருபவை, சுருதியில் தொடர்ச்சியுள்ளவை ஆகியவற்றை ஒரே ஒலியாகக் கொள்கிறது.

இந்தத் திறனை நம்பிப் பிறந்த இசைத்தொகுப்பு ஒன்று உண்டு. அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்தால் திருவையாறு. அங்கே வாழ்ந்தவர் தியாகராஜர் (1767–1847). கருநாடக இசையில் தம்புராவின் சுருதிமேல் ஒரே மெட்டு கமகங்களோடு வளரும். ஜெர்மானியரான பாக் (1685–1750) எழுதிய இசையிலோ பல மெட்டுகள் ஒருங்கே ஓடும். இவ்விருவருக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் வெளியிட்டதே ‘ஹவ் டு நேம் இட்?’ வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். வயலினில் வீணையைப் போல மெட்டுக்கட்டைகள் இல்லை. ஆகவே விரலை வழுக்கிக் கமகமும் காட்டலாம். மேலைச் சுரங்களையும் நிறுத்தி வாசிக்கலாம்.

இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே கெட்டுவிடாதா? சுருதியும் தாள நடையும் நெருங்கிவிட்டால் கெடும்; மூளை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும். ஒரு மெட்டு நீண்டு நிற்கையில் மற்றது விரைந்தால், ஒன்று ஏறுகையில் மற்றது இறங்கினால், இரண்டும் தெளிவாகக் கேட்கும். கவுன்டர்பாயின்ட் என்னும் மேலை இசை இலக்கணத்தின் உயிர்நாடி இதுவே.

இந்த இசையை எந்த வகையில் சேர்ப்பது? ‘எப்படிப் பெயரிடுவது?’ என்று தலைப்பே கேட்கிறது. 1988-இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்கு இதுவே பின்னணி இசையாயிற்று. பாட்டில்லாத இந்த இசை இவ்வாறு திரையரங்கு வழியாகவும் மக்களை அடைந்தது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இதில் ஒரு பகுதியை மும்முறை கேளுங்கள். முதலில் மேல் வயலினையும், அடுத்து அடியில் ஓடும் தந்திகளையும், பிறகு இரண்டையும் சேர்த்தும் பின்தொடருங்கள். ஒலி மாறவில்லை, கேட்கும் முறைதான் மாறியது.