இருபத்தைந்தில் ஒரு பங்கு மகிழுந்து

1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், பெரும்பாலும் செல்வர் வீட்டு ஊர்திகளிலேயே இருந்துவந்த எட்டு உருளைப் பொறியை நடுத்தரக் குடும்பம் வாங்கத்தக்க மகிழுந்தில் பொருத்தி விற்பனைக்கு விட்டது. ‘வி’ வடிவில் இரு வரிசைகள், வரிசைக்கு நான்கு உருளைகள்; கொள்ளளவு 3.6 லிட்டர், ஆற்றல் 65 குதிரைத்திறன். தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழையனவாக விலைக்கு வந்த அவ்வூர்திகளை வாங்கி, சக்கரக் காப்புகளைக் கழற்றி எடை குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி விரைவை அளந்தனர். 1955-இல் செவ்ரோலே நிறுவனம் 4.3 லிட்டர் கொண்ட சிறிய வி-8 பொறியை வெளியிட்டது. அதன் எளிய வடிவமே 162 குதிரைத்திறன் தந்தது. அதன்பின் ஃபோர்டின் உடலுக்குள் செவ்ரோலேயின் பொறியைக் குடியேற்றுவது ஒரு மரபாகவே வளர்ந்தது. 1973-இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படத்தின் மஞ்சள் நிற 1932 ஃபோர்டு அம்மரபின் உலகறிந்த வடிவம். அதனுள் இருந்ததும் செவ்ரோலே பொறியே.

இந்தப் பொறிமாற்றத்தை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், நெகிழித் துண்டுகளைக் கொண்டு செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சிறுவர் விளையாட்டென்று இதனை ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். என் கருத்தில் இது வடிவியலையும் பொறியியலையும் வேதியியலையும் ஒரே மேசையில் கற்பிக்கும் பயிற்சி.

இவ்விகிதம் அமெரிக்க மகிழுந்து விற்பனைக் கூடங்களில் வேரூன்றியது. 1948-இல் மிச்சிகன் மாநிலத்தில் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனம், புதிய ஊர்திகளின் சிற்றுருவங்களை விற்பனை முகவர்களுக்கென வார்த்துக் கொடுத்தது. தொடக்ககால நெகிழிச் சிற்றுருவங்கள் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை தாமாகவே வளைந்து கோணின. பின்னர் வந்த பாலிஸ்டைரீன் வடிவம் குலையாமல் நின்றது. 1958-இல் அந்நிறுவனம், ஒரே பெட்டியில் உள்ள துண்டுகளை மூவகையாகப் பூட்டத்தக்க தொகுதிகளை விற்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து வந்தபடியும் கட்டலாம், அழகுக்கென மாற்றியும் கட்டலாம், பந்தயத்துக்கென மாற்றியும் கட்டலாம். மாற்றியமைக்கும் உரிமை இக்கலையோடு உடன்பிறந்தது.

நீளம் இருபத்தைந்தில் ஒன்றாகும்போது பரப்பு 625-இல் ஒன்றாகும். கன அளவு 15,625-இல் ஒன்றாகும். கோணம் மட்டும் சுருங்குவதேயில்லை. உருளை வரிசைகள் 90 பாகை விரிந்த பொறி, உள்ளங்கையில் அடங்கும்போதும் 90 பாகையே விரிந்திருக்கும். எது எவ்வளவு சுருங்கும், எது சுருங்க மறுக்கும் என்று அறிவதே இப்பணியின் அடிப்படை.

அளவில் நேர்மை வேண்டும். செவ்ரோலே சிறு வி-8 பொறியில் அடுத்தடுத்த இரு உருளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு 111.76 மி.மீ. ஒரு வரிசையின் முதல் உருளை நடுவிலிருந்து நான்காம் உருளை நடு வரை ஏறத்தாழ 335 மி.மீ. நம் விகிதத்தில் இது 13.4 மி.மீ. ஆகும். கடைகளில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவுத் தொகுதிகளும் கிடைக்கின்றன. அவற்றில் இதே தொலைவு 14 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று அந்தப் பொறியை எடுத்து வைத்தால், உண்மை ஊர்தியில் ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர் பெருத்த பொறியை வைத்ததற்கு ஒப்பாகும். மூடி, பல்லிணைப் பெட்டி, காற்று வடிகட்டி யாவும் அதே வீதத்தில் பெருத்திருக்கும். கண் இதனை உடனே உணரும். காரணம் மட்டும் உடனே புலப்படாது.

இனிப் பொறியை உள்ளே வைக்கலாம். ஃபோர்டின் பழைய பொறியில், தீப்பொறியை உருளைகளுக்குப் பங்கிடும் பகிர்வி முன்முனையில் இருந்தது. ஆகவே பொறியின் பின்புறம் ஓட்டுநர் அறையின் முன்தகட்டை நெருங்கி நிற்க முடிந்தது. செவ்ரோலேயிலோ பகிர்வி பின்முனையில் நிமிர்ந்து நிற்கிறது. அதனை எளிதில் இடம் மாற்றவும் முடியாது. அடைப்பிதழ்களை இயக்கும் நெம்புருள் தண்டே பகிர்வியைச் சுழற்றுகிறது. பகிர்வியின் அடிமுனை எண்ணெய் இறைப்பியைச் சுழற்றுகிறது. எனவே முன்தகட்டை உள்ளே குழித்து இடம் தர வேண்டும். அல்லது பொறியை முன்னே நகர்த்த வேண்டும். முன்னே நகர்த்தினால் விசிறி ரேடியேட்டரில் இடிக்கும். அதைத் தவிர்க்க நீளம் குறைந்த நீரிறைப்பி தேவைப்படும். கலிபோர்னியப் பட்டறைகளில் எஃகோடு மல்லாடியவர்கள் சந்தித்த இக்கட்டு, நெகிழியோடு மல்லாடுபவர்க்கும் அப்படியே வாய்க்கிறது. இடப்புறம் திருப்புப் பெட்டியும் அதன் தண்டும் நிற்பதால், புகை வெளியேறும் குழாயும் அங்கே வழி தேட வேண்டும். பலர் நடுவிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வார்ப்புக் குழாய்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நெருக்கடியே காரணம்.

இதனினும் நுண்ணியது அடிப்புறச் சிக்கல். 1932 ஃபோர்டில், பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு வலிய குழாய் ஒன்றினுள் மூடப்பட்டிருந்தது. அது வெறும் உறை அன்று. சக்கரங்கள் ஊர்தியை முன்தள்ளும் விசையை ஏந்திச் சென்றதும், அச்சு முறுகாமல் காத்ததும் அக்குழாயே. செவ்ரோலே 1955-இல் அத்தகைய குழாயைக் கைவிட்டுத் திறந்த சுழல்தண்டுக்கு மாறியது. நீளவாட்டில் கிடந்த வில்தகடுகள் அங்கே தள்ளுவிசையை ஏற்றுக்கொண்டன. ஃபோர்டின் வில்தகடோ ஊர்திக்குக் குறுக்கே கிடப்பது. முன்பின் விசையைத் தாங்க அதனால் இயலாது. குழாயை நீக்கித் திறந்த தண்டைப் பூட்டுபவர், பின் அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்குதண்டுகளையும் கட்டாயம் அமைக்க வேண்டும். 25 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தண்டு மாதிரியில் 1 மி.மீ. நெகிழிக் கம்பியாகும். இக்கம்பிகள் இல்லாத மாதிரி, உண்மையில் ஓடுமாயின் முதல் நொடியிலேயே பின் அச்சு பிய்ந்துபோகும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளின் கோணமும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் ஒவ்வொரு சுற்றிலும் சுழற்சி இரு முறை விரைந்து இரு முறை தளரும். கோணம் சுருங்காத பொருள் என்பதால், இரண்டு பாகைப் பிழை மாதிரியிலும் இரண்டு பாகைப் பிழையாகவே கண்ணில் படும்.

ஆகவே பணியின் வரிசை முதன்மையானது. முதலில் சக்கரங்களைப் பூட்டி ஊர்தியின் உயரத்தை உறுதிசெய்க. பின்னர் பொறியின் வணரித் தண்டு நடுவை அச்சோடு நேர்படுத்துக. தாங்கிகளை இறுதியில் ஒட்டுக. இடையில் யாவற்றையும் மெல்லிய களிமண் உருண்டைகளில் நிறுத்திப் பார்ப்பதே போதும்.

ஒட்டுவதிலும் அறிவியல் உண்டு. பியூட்டனோன் போன்ற கரைப்பான் பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை இளக்குகிறது. இரு துண்டுகளின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகி நீங்கியதும் எஞ்சுவது பசையின் படலம் அன்று, ஒரே நெகிழி. ஆதலால் வண்ணம் பூசிய பரப்பிலும் வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் படலத்தின் மீதும் இம்முறை பலிக்காது. சுரண்டி நீக்கிய பின்பே ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டிய முன்தகடு முற்றும் உலரச் சில நாள்கள் ஆகும். பொறுமையின்றிப் பட்டி பார்த்துத் தேய்த்துப் பூசினால், வாரங்கள் கழித்து ஒட்டின் தடம் பள்ளமாக வெளிப்படும். கரைப்பானின் ஆவி உடலுக்குத் தீங்கானது. காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதனைச் செய்க.

வண்ணம் சுருங்க மறுக்கும் பொருள்களில் தலையாயது. உண்மை மகிழுந்தின் வண்ணப் பூச்சு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்புடையது, நம் விகிதத்தில் அது 0.004 மி.மீ. ஆக வேண்டும். எந்தக் கையாலும் அவ்வளவு மெல்லிதாகப் பூச முடியாது. கதவின் ஓரம் 4 மி.மீ. இடைவெளி, மாதிரியில் 0.16 மி.மீ. மட்டுமே, மூன்று அடுக்குப் பூச்சு அதனை எளிதில் நிரப்பிவிடும். எனவே பூசுவதற்கு முன்பே அக்கோடுகளைக் கூர்முனையால் ஆழப்படுத்துவர். முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கிய பொறிகளிலும் இதே கணக்கு உண்டு: 0.05 மி.மீ. அடுக்கு, உண்மை அளவில் 1.25 மி.மீ. படிக்கட்டாக எழும், தேய்த்தே தீர வேண்டும். தீப்பொறிக் கம்பி 7 மி.மீ. என்றால் 0.28 மி.மீ. மெல்லிழை போதும். எட்டு இழைகளையும் 1-8-4-3-6-5-7-2 என்னும் எரிவரிசைப்படி பகிர்வியிலிருந்து பிரித்து விடுவது, அறிந்தோர் கண்ணுக்கு விருந்து.

இப்பொறி ஓடாதா என்று கேட்பவர்க்கு விடை அதே கணக்கில் உள்ளது. எட்டு உருளைகளின் மொத்தக் கொள்ளளவு 0.28 கன சென்டிமீட்டராகக் குறையும். கன அளவோடு ஒப்பிட, வெப்பத்தை உறிஞ்சும் சுவர்ப்பரப்பு 25 மடங்காகும். எரிதலில் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பங்கைச் சுவரே விழுங்கிவிடும்.

ஓடாத பொறியாயினும் அது ஓடத்தக்கதாக அமைய வேண்டும் என்பதே என் அளவுகோல். மாற்றியமைத்த மாதிரி ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், வண்ணத்தின் பளபளப்பில் நின்றுவிடாதீர்கள். செய்தவரின் இசைவோடு அதனைக் கவிழ்த்து, பல்லிணைப் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை சுழல்தண்டைக் கண்ணால் தொடருங்கள். தண்டு நேராகச் சென்று சேர்ந்து, தாங்குதண்டுகள் சட்டத்தைப் பற்றியிருந்தால், அது நல்ல மாதிரி.