சர்வர் சிப் கம்பெனியை மாற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நம்ம நேயர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "ஏஎம்டி சிப்ல கோர் அதிகம், விலையும் குறைவுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் பெரிய கம்பெனிகள் உடனே இன்டெல்லை விட்டு நகரல?"

நியாயமான கேள்விதான். ஏஎம்டியின் எபிக் 2017-ல் வந்தது. 2019-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஒரே சிப்பில் 64 கோர். அப்போது சாக்கெட்டில் மாட்டும் இன்டெல் ஜியானில் அதிகபட்சம் 28 தான். இரண்டுமே எக்ஸ்86 குடும்பம். அதே லினக்ஸ், அதே விண்டோஸ் இரண்டிலும் ஓடும். அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை இடம் மாற்றுவது. ஒரு சர்வரை பராமரிப்புக்கு நிறுத்தணும்னா, அதில் இருக்கும் மெஷின்களை அணைக்காமலே பக்கத்து சர்வருக்கு நகர்த்துவாங்க. இதை லைவ் மைக்ரேஷன்னு சொல்றோம். விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகும்போதே, "இந்த சிப்புக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளும். பாதி வழியில் வேறு சிப்புக்குப் போய், அங்கே அந்தக் கட்டளை இல்லைன்னா புரோகிராம் விழுந்துடும். ஒரே கம்பெனியின் பழைய சிப், புது சிப் வித்தியாசத்தை விஎம்வேர் மறைத்துச் சமாளிக்கும். ஆனால் இன்டெல்லில் இருந்து ஏஎம்டிக்கு அணைத்துவிட்டுத்தான் நகர்த்தணும்.

உதாரணத்துக்கு, உங்களிடம் 40 இன்டெல் சர்வர் இருக்கு, வருஷத்துக்கு 10 மாற்றுவீங்க. இந்த வருஷம் வாங்கும் 10 ஏஎம்டி என்றால், அது தனிக் கூட்டம். அதுக்கு உபரி சர்வரும் தனியா ஒதுக்கணும். சிப்பில் மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் அங்கேயே போயிடும்.

இரண்டாவது, சோதனை. எஸ்ஏபி ஹானா மாதிரி மென்பொருளை, சான்றளிக்கப்பட்ட ஹார்டுவேரில்தான் உற்பத்திப் பயன்பாட்டுக்கு ஓட்டணும். மற்றவற்றுக்கும் ஃபர்ம்வேர், டிரைவர், பேக்கப் என்று ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்கணும். முதல் எபிக்கில் ஒரே சிப்புக்குள் நாலு துண்டுகள். பக்கத்துத் துண்டின் மெமரியை எட்டக் கூடுதல் நேரம் ஆகும். டேட்டாபேஸ் ஆட்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, லைசென்ஸ். ஆரக்கிள் டேட்டாபேஸின் எண்டர்பிரைஸ் பதிப்புக்குக் கோர் கணக்கில் பணம் கட்டணும். அங்கே கோர் அதிகம் என்பது லாபம் இல்லை, செலவு. விஎம்வேரும் 2020-ல் ஒரு சிபியு லைசென்ஸுக்கு 32 கோர் என்று வரம்பு வைத்தது. 64 கோர் சிப்புக்கு இரண்டு லைசென்ஸ் ஆச்சு.

கிளவுட் கம்பெனிகள் சீக்கிரம் நகர்ந்ததற்கும் இதே காரணங்கள்தான், தலைகீழாக. அமேசான் 2018-லேயே ஏஎம்டி சர்வர்களை வாடகைக்கு விட்டது. அவங்க மென்பொருள் அடுக்கை அவங்களே எழுதுறாங்க. வாங்கும் அளவும் பெரிசு, தனிக் கூட்டம் வைத்தாலும் கட்டுப்படியாகும்.

அப்போ மற்றவங்க என்ன செய்யலாம்? என் யோசனை: பழைய கிளஸ்டருக்குள் கலக்காதீங்க. ஒரு கிளஸ்டர் முழுசா ஓய்வு பெறும்போது, அதை மட்டும் மொத்தமா மாற்றுங்க. லைவ் மைக்ரேஷனும் தனி லைசென்ஸும் தேவைப்படாத வெப் சர்வர்களில் தொடங்கலாம். மாறவே வேண்டாம்னு கடைசியில் முடிவெடுத்தாலும் அந்தச் சோதனை வீண் இல்லை. ஏன்னா, எங்கேயும் போக முடியாத வாடிக்கையாளரிடம் யாரும் விலையைக் குறைக்க மாட்டாங்க. "நாங்க மாறிப் பார்த்துட்டோம், ஓடுது" என்று சொல்ல முடிந்தால்தான் பேரம் பேசவே முடியும்.