மலையின் விதியும் மனிதரின் கடமையும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் குடியிருப்புகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் இறுதிவரை மீட்கப்படவே இல்லை. "எல்லாம் விதி" என்று அன்று பலரும் கூறினர். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று தலைவிதி. மற்றையது இயற்கையின் விதி. மீரியபெத்தையில் செயற்பட்டது எது என்பதை ஆராய்வது மலையக மக்களுக்கு வெறும் பாடசாலைப் பாடமன்று, உயிர்ப் பிரச்சினையாகும்.

1687ஆம் ஆண்டு ஐசாக் நியூட்டன் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு பொருள் அசையாதிருப்பதற்குக் காரணம் அதன்மீது விசைகள் இல்லாமையன்று. விசைகள் ஒன்றையொன்று சமன் செய்வதேயாகும். இதை மலைச்சரிவுக்குப் பொருத்திப் பார்த்தால் அச்சமூட்டும் உண்மையொன்று புலப்படும். நூறாண்டுகளாக அசையாது நிற்கும் சரிவு ஓய்ந்திருக்கவில்லை. அதனைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும், பிடித்து நிறுத்தும் உராய்வுக்கும் இடையே இடையறாத போட்டி நடந்துகொண்டே இருக்கின்றது. "பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கின்றோம், ஒன்றும் நடக்கவில்லை" என்பது அந்தப் போட்டியில் இதுவரை உராய்வு வென்றிருக்கின்றது என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 30 பாகை சரிவில் ஒரு தொன் மண் இருப்பதாகக் கொள்வோம். அதன் நிறையில் சரிபாதி, அதாவது 0.5 தொன், சரிவு வழியே கீழ்நோக்கி இழுக்கின்றது. ஏறத்தாழ 0.87 தொன், அடியிலுள்ள பாறையைச் செங்குத்தாக அழுத்துகின்றது. இந்த அழுத்தமே உராய்வைத் தருகின்றது. உராய்வுக் குணகம் 0.7 எனின், தடுக்கும் விசை சுமார் 0.61 தொன். இழுக்கும் விசையைவிட அது அதிகம் என்பதால் மண் நிற்கின்றது. மண் துகள்களின் பிணைப்பும் மர வேர்களின் பிடிப்பும் இதற்கு மேலதிகப் பாதுகாப்பாகும்.

இனி மழை பெய்கின்றது. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை என்பது ஆயிரம் தொன் நீராகும். வழிந்தோட வழியற்ற நீர் மண்ணுக்குள் இறங்கிப் பாரத்தைக் கூட்டுகின்றது. அதனினும் ஆபத்தானது, மண் துகள்களுக்கு இடையே தேங்கும் நீரின் அமுக்கம். அது மண்ணை உள்ளிருந்து தாங்கி, பாறைமீதான அழுத்தத்தைக் குறைக்கின்றது. இக்கோட்பாட்டை மண் பொறியியலின் முன்னோடியான கார்ல் டெர்சாகி 1920களில் நிறுவினார். நமது உதாரணத்தில் நீர் அந்த அழுத்தத்தின் மூன்றிலொரு பங்கைத் தாங்கிக்கொண்டால், தடுக்கும் விசை 0.41 தொன்னாக வீழ்ந்துவிடும். இழுக்கும் விசையோ 0.5 தொன்னுக்குக் குறையாது. மலை நகரத் தொடங்குகின்றது. நகர ஆரம்பித்த மண் உயரத்தில் சேமித்திருந்த சக்தி வேகமாக மாறுகையில், ஓடித் தப்புவதற்கு நேரமிருப்பதில்லை.

இங்கு நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இக்கணக்கில் புவியீர்ப்பு மாறவேயில்லை. மழைக்கு முதல்நாள் இருந்த அதே ஈர்ப்புத்தான் மறுநாளும் இருந்தது. மாறியவை நீரும், மனிதன் வெட்டிய சரிவும், தூர்ந்துபோன கான்களும், அகற்றப்பட்ட மரங்களுமே. இவை அனைத்தும் கண்ணால் காணத்தக்கவை, அளக்கத்தக்கவை, பெருமளவு தடுக்கத்தக்கவை. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் நீரூற்று, கலங்கி வரும் அல்லது சட்டென வற்றும் ஊற்று ஆகியவை மலை முன்கூட்டியே அனுப்பும் கடிதங்களாகும். 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என மழைவீழ்ச்சி கூடக்கூட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிப்படியாக எச்சரிக்கை விடுப்பதும் இந்தக் கணக்கின் அடிப்படையிலேயே.

மீரியபெத்தை அபாயமான இடமென்று அந்நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்தது. ஆனால், "வெளியேறுங்கள்" என்ற சொல்லுக்கு "எங்கே செல்வது?" என்ற கேள்விக்கான விடை இணைக்கப்பட்டிருக்கவில்லை. தலைமுறைகளாக உழைத்தும் ஒரு பேர்ச்சஸ் காணிக்கேனும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பம், வேலையையும் லயன் காம்பராவையும் ஒருங்கே விட்டு எங்கு செல்லும்? புவியீர்ப்பு துரை பங்களாவையும் லயத்தையும் ஒரே அளவில்தான் இழுக்கின்றது. எந்தச் சரிவில் யாரைக் குடியமர்த்துவது என்பதைத் தீர்மானித்தது மட்டும் மனிதர்களே.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாக இருந்தது. மீரியபெத்தைக்குப் பதினோராண்டுகள் கடந்தும் அபாயச் சரிவுகளில் மக்கள் வாழ்ந்தனர் என்பதை அது உணர்த்தியது.

இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவது முயற்சியைக் கைவிடுவதாகாது என்பதைத் தவக்குல் பற்றிக் கற்ற முஸ்லிம்கள் அறிவர். ஊழை நம்புவோரும் முயற்சியைப் போற்றியே வந்துள்ளனர். ஆகவே ஊவாவின் பாடசாலைகள் பௌதிகவியலைக் கரும்பலகையோடு நிறுத்தாமல், தோட்டத்துச் சரிவையே பாடமாக்க வேண்டும். ஒரு வெற்று டின்னும் அளவுகோலும் கொண்டு மாணவர்களே மழையை அளந்து பதியலாம். தோட்ட நிர்வாகங்கள் கான்களைத் துப்புரவாக வைத்திருப்பதைக் கடமையாகக் கொள்ளவேண்டும். அரசு, எச்சரிக்கைப் பத்திரத்தோடு பாதுகாப்பான இடத்தில் காணி உறுதியையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

புவியீர்ப்பு விதியைத் திருத்த எந்தப் பாராளுமன்றத்தாலும் முடியாது. ஆனால் அந்த விதிக்குக் கீழே மனிதர்களைக் குடியமர்த்தும் ஏற்பாடு மனிதர் செய்தது. அதனை மாற்ற மனிதரால் முடியும், மாற்றியே ஆகவேண்டும்.