பொட்டலத்துக்கும் மூட்டைக்கும் ஒரே தண்டனையா?

இரண்டு பேர் போலீசில் சிக்குகிறார்கள்.

ஒருவன் வாலிபன். அவன் சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் கஞ்சா. மற்றவன் வியாபாரி. அவன் லாரியில் மூட்டை மூட்டையாகக் கஞ்சா!

இருவருக்கும் ஒரே தண்டனை கொடுப்பது நியாயமா?

நம் நாட்டில் ஒரு காலத்தில் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

1985-ம் ஆண்டு சட்டம்

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ம் ஆண்டில் வந்தது. கஞ்சா வைத்திருந்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல். 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பொட்டலமானாலும் மூட்டையானாலும் சட்டம் சொன்ன உச்ச அளவு இதுதான்.

கஞ்சாச் செடியின் பிசினுக்கு "சரஸ்" என்று பெயர். அதை வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது!

ஒரே ஒரு சலுகை இருந்தது. சிறிதளவு வைத்திருந்தவர், "இது என் உபயோகத்துக்குத்தான், விற்க அல்ல" என்று நிரூபித்தால் தண்டனை 6 மாதத்துக்கு மேல் போகாது. ஆனால், நிரூபிக்கும் பொறுப்பு சிக்கியவர் தலையில்! வக்கீல் வைக்க வசதி இல்லாத ஏழை என்ன செய்வான்?

1989-ல் ஜாமீன் விதியும் கடுமையாயிற்று. தீர்ப்பு வரும் முன்பே பலர் ஜெயிலில் காத்துக் கிடக்க நேர்ந்தது.

தராசு வந்தது

2001-ம் ஆண்டு பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளன்று, அது அமுலுக்கு வந்தது.

அன்று முதல் தண்டனையை எடை முடிவு செய்கிறது. கஞ்சா 1 கிலோ வரை "சிறிய அளவு". 20 கிலோவுக்கு மேல் போனால் "வியாபார அளவு". சரசுக்கு இவை 100 கிராம், 1 கிலோ.

சிறிய அளவுக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வியாபார அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு!

அதாவது, சின்ன மீனுக்குத் தண்டனை இறங்கியது, திமிங்கிலத்துக்கு ஏறியது.

2014-ல் சிறிய அளவுக்கான ஜெயில் தண்டனை 1 ஆண்டு வரை என்று உயர்த்தப்பட்டது. ஆகவே, "கொஞ்சம்தானே, குற்றம் இல்லை" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொரு வாசல்

பெற்றோர் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

போதைக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு வழக்கில் சிக்குகிறார். அவர் தாமே முன்வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ, சர்க்கார் அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கில் இருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், அடிமையானவரை அவர் சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஜெயிலில் இருந்து திரும்பும் பையனுக்கு வேலை கிடைப்பது கடினம். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் பையனுக்கு ஒரு வாழ்வு மிச்சம் இருக்கிறது.

வீட்டில் ஒருவர் இப்படி வழி தவறினால், ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மறைக்காதீர்கள். போலீஸ் கதவைத் தட்டும் முன்பே டாக்டரின் கதவைத் தட்டுங்கள்!