கையைச் சுடாத நஞ்சு

வேதிப்பொருளைப் பாதுகாப்பாகக் கையாள்வது என்றதும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி என்றுதான் நம் மனம் போகும். டைஎதிலீன் கிளைக்கால் விஷயத்தில் அவையெல்லாம் இரண்டாம்பட்சம். நிறமோ மணமோ இல்லாமல், பாகுபோல ஒழுகி, நாவில் இனிக்கும் திரவம் இது. கொதிநிலை 245 டிகிரி செல்சியஸ் என்பதால் எளிதில் ஆவியாகாது. தோலில் பட்டால் கழுவிவிடலாம். பிரேக் ஆயில், பிசின், எஞ்சின் குளிர்விப்புத் திரவம் என்று ஆலைகளில் இதற்கு நியாயமான வேலைகள் பல உண்டு. பீப்பாயை உருட்டும் தொழிலாளியை இது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, சளிக்கு மருந்து குடிக்கும் குழந்தையைத்தான் கொல்கிறது. எனவே மருந்து ஆலைக்கு வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து, உள்ளே இருப்பது எது என்று சோதிப்பதே இந்த நஞ்சிடமிருந்து காக்கும் முதல் வழி என்பேன்.

மருந்துக்குள் இது எப்படி வருகிறது? பாராசிட்டமால் தண்ணீரில் அரைகுறையாகத்தான் கரையும். அதைச் சிரப்பாக்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் வேண்டும். இவையும் நிறமற்றவை, குழகுழப்பானவை, இனிப்பானவை. கண்ணும் நாக்கும் வேறுபாடு காணாது. மருந்துத் தரத்தில் உள்ள கரைப்பானில் டைஎதிலீன் கிளைக்கால் 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தொழிற்சாலைத் தரச் சரக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, விலையும் குறைவு. ஆசை புகும் இடம் அது. உடலுக்குள் போனதும், சாராயத்தைச் செரிக்கும் அதே நொதி இதையும் உடைக்கிறது. அப்போது உண்டாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழாய்களில் தேங்கி அவற்றின் செல்களைச் சாகடிக்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோகிறது. பிறகு நரம்புகள் தளர்கின்றன. முதல் கட்டம் சாதாரண வயிற்றுக்கோளாறு போலவே இருப்பதால் பொன்னான நேரம் கைநழுவுகிறது.

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இந்தத் திரவத்திலேயே கரைத்து விற்றார்கள். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை. 105 பேர் இறந்தனர். மறு ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1972-இல் சென்னையிலும், 1986-இல் மும்பையிலும், 1998-இல் குர்கானிலும் இதே நஞ்சு உயிர்களைப் பறித்தது. 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் குடித்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. அதாவது 5 மில்லி கரண்டி ஒன்றில் சுமார் 2.4 கிராம். மனிதரைக் கொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லி என்று வைத்தால், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐந்து கரண்டி போதும்.

ஒவ்வொரு பீப்பாயையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஆலைத் தரப்பில் சொல்லப்படும் முதல் மறுப்பு: பீப்பாயோடு தரச் சான்றிதழ் வருகிறதே! பனாமாவில் 2006-இல் நடந்தது அதற்குப் பதில். சீனாவில் புறப்பட்ட, இதே நஞ்சு நிரம்பிய பீப்பாய்கள் ஸ்பெயின் வழியாகக் கைமாறின. கிளிசரின் என்ற சான்றிதழும் கூடவே கைமாறியது. இடையில் ஒருவரும் மூடியைத் திறந்து சோதிக்கவில்லை. இரண்டாவது, சிறு ஆலைகளுக்குச் செலவு தாங்காது என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வாயு நிறப்பகுப்புக் கருவி விலை கூடியதுதான். ஆனால் முதல்கட்டச் சோதனைக்கு மெல்லடுக்கு நிறப்பகுப்பு என்ற எளிய முறை இருக்கிறது. பூச்சிட்ட ஒரு தகடும் சில கரைப்பான்களும் போதும். அதையும் செய்ய முடியாத ஆலை குழந்தைகளுக்கு மருந்து காய்ச்சக் கூடாது. மூன்றாவது, முடிவில் சிரப்பைச் சோதித்தால் போதாதா என்பது. அதுவும் வேண்டும்தான், 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகளுக்கு நம் அரசு அதைக் கட்டாயமாக்கியது. (உள்ளூர்க் குழந்தைக்கு அந்தக் காப்பு அப்போது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.) ஆனாலும் ஒரு பீப்பாயிலிருந்து பல்லாயிரம் பாட்டில்கள் நிரம்பும். நஞ்சு ஒரே இடத்தில் திரண்டு கிடக்கும்போது பிடிப்பதை விட்டுவிட்டு, சிதறிய பிறகு தேடுவது புத்திசாலித்தனமாகாது. இவ்வளவு கவனம் தேவையா என்று எண்ணவைக்கும் விலங்குச் சோதனை எண்களும் ஏமாற்றக்கூடியவை: எலியைக் கொல்ல கிலோவுக்கு 12 கிராமுக்கு மேல் வேண்டும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைச் சாதுவான பொருளென்றே நினைப்பார்.

பெற்றோரால் பீப்பாயைச் சோதிக்க முடியாது. ஆனால் சிரப் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்தால், காத்திருக்காமல் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நஞ்சை உடைக்கும் நொதியைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து உண்டு. அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன்படும்.